புகையில்லாத தார்

ஒரகடத்தில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருமும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் தங்கை செல்வி கேட்டாள்:

“இன்னா தம்பி, புகையே காணோம்?”

“இது சூடு கம்மியா போடுற தார், ஆயா. புகை எங்க நெஞ்சுக்கு ஆவாதுன்னு மாத்திட்டாங்க,” என்றான் தொழிலாளி.

“எனக்கு சின்னதுல கக்குவான் இருமல் வந்தப்போ எங்கண்ணன் தார்ப்புகை காட்டித்தான் பொழச்சேன்.”

“அதுக்கப்புறமும் பொழச்சியே, அதான் பெருசு!”

அப்போது எங்கள் ஊரில் அதுதான் வைத்தியம். எனக்குப் பத்து வயது, அவளுக்கு நான்கு. ரோடு போடுற இடத்தில் தார்ப் பீப்பாயின் அடியில் சவுக்குக் கட்டை எரியும். தார் கொதித்து மஞ்சளாகப் புகையும். அந்த வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும். “ஒரு நிமிசம் காட்டிட்டு வந்துடு,” என்று அம்மா அனுப்பினாள். ரோடு ரோலரை வேடிக்கை பார்க்கும் ஆசையில், “வேணாண்ணா, எரியுது,” என்று அழுதவளை வெகுநேரம் அங்கேயே பிடித்து வைத்திருந்தேன். மயங்கிவிட்டாள். தூங்கிவிட்டாள் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். இருமல் பல வாரங்கள் கழித்துத் தானாக நின்றது. பெயர் எனக்குக் கிடைத்தது.

இன்று எல்லாவற்றையும் செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் பேரனின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, என்னைக் கடந்து வேகமாக நடந்தாள்.