சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

போன வாரம் சரஸ்வதி பூசை. புத்தகங்கள், பேனை, மகனின் கிற்றார் — எல்லாவற்றையும் அடுக்கினேன். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் மேலே வைத்து, பக்தி கொஞ்சம் மிஞ்சிப்போய், சந்தனத்தை அள்ளி அப்பினேன்.

பூசை முடிந்த கையோடு லண்டனிலிருந்து அபிரா அழைத்தாள். என் அண்ணையின் மகள். அண்ணை இறந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவள்.

“சித்தப்பா, சனிக்கிழமை அங்க வாறன். அப்பா செய்த வள்ள விளையாட்டு இருக்குத்தானே?”

“ஓம், பத்திரமா இருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் சந்தனம் அப்பிய டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தேன்.

அது அண்ணை சொந்தமாக எழுதிய கணினி விளையாட்டு. கற்களில் மோதாமல் வள்ளத்தைத் தொண்டைமானாறு வரை ஓட்ட வேண்டும். மோதினால் அண்ணையின் குரல் கேட்கும். அவருடைய கலியாண வீடியோ கசெற்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. குரல் மிஞ்சியிருப்பது அந்த விளையாட்டில் மட்டும்தான். விளையாட்டு இருப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். வேறு பிரதி? எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்றே வருடங்கள் போய்விட்டன... நீங்கள் எடுத்துவிட்டீர்களா?

டிஸ்க்கை எடுக்கப் போனேன். மனைவி மறித்தாள்.

“இஞ்சேருங்கோ, பூசையில வைச்சதை விஜயதசமி முடியாமல் தொடாதேங்கோ.”

மறுநாள் காலைவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விஜயதசமிப் பூசை முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், வயர் செருகும் துளை முழுக்கச் சந்தனம். காய்ந்து இறுகிக் கிடந்தது. உரும்பிராய்ச் சந்தியில் இருக்கும் கொம்பியூட்டர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் சின்னத் தூரிகையால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“அண்ணை, குங்குமமும் வைச்சனீங்களோ?”

“ஓம்.”

“அதுதான் உள்ளுக்கையும் சிவப்பாக் கிடக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவழியாக டிஸ்க் திறந்தது. ஆனால் புதிய கணினி அந்தப் பழைய விளையாட்டை ஏற்க மறுத்தது. பழைய கணினிபோல நடிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு ஓடவைத்தார். நான் வேண்டுமென்றே வள்ளத்தைக் கல்லில் மோதவிட்டேன்.

“கவிண்டு போச்சு. பரவாயில்லை, திருப்பி ஓட்டு.”

அண்ணைதான். கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. பயம் மட்டும் போகவில்லை. பென் டிரைவுக்கு ஆயுள் எவ்வளவு — யாருக்காவது தெரியுமா?

சனிக்கிழமை அபிரா வந்தாள். வள்ளத்தை நேரே கல்லுக்கு விட்டாள். மறுபடியும் கல். மறுபடியும்.

“இடப்பக்கம் திருப்பு, பிள்ளை” என்றேன்.

“சும்மா இருங்கோ சித்தப்பா” என்றாள், அடுத்த கல்லைத் தேடிக்கொண்டே.