தெருமுனையில் மூன்றடி

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. முதல் போன் அலுவலகத்தில் வந்தது. பக்கத்து வீட்டு லூர்து அண்ணன். "தம்பி, கற்பகம் சமையல்கட்டுல மயங்கி விழுந்துடுச்சு. ஆம்புலன்ஸ் தெருமுனையில திரும்ப முடியாம நிக்குது. நாங்க நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போறோம். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு." இரண்டாவது போன் பாலத்தின் மேல் வந்தது. "பாலு" என்றார். "கற்பகம் போயிடுச்சு." முன்னும் பின்னும் வண்டிகள். நிறுத்த இடமில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

தொம்மலூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு என் மனைவியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிறந்த தெரு; நான் வேலூரிலிருந்து வந்து நாலு வருடம்தான். தண்ணீர் வராவிட்டாலும் சாக்கடை பொங்கினாலும் மாநகராட்சிக்குக் கன்னடத்தில் மனு எழுதித் தந்தவள் அவள். "வாயால சொன்னா ஆபீஸ்ல காது கேக்காது அக்கா, எழுதிக் குடுங்க" என்பாள்.

நான் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர். கல்யாணமான புதிதில் என் பின்னால் நின்று, "இந்தக் காலி இடம் என்ன?" என்றாள். செட்பேக் என்றேன், மனையின் எல்லைக்கும் சுவருக்கும் நடுவே சட்டப்படி விட வேண்டிய இடம். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நான் குரலை உயர்த்தினால், "இன்ஜினியரே, கொஞ்சம் செட்பேக் விட்டுப் பேசுங்க, காத்து வரட்டும்" என்பாள். குழந்தை எப்போது என்று கேட்ட என் அத்தையிடம், "கொஞ்சம் செட்பேக் வேணும் அத்தை" என்றாள். அத்தை அதை ஏதோ நோய் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மனை விலை ஏறியதும் தெருமுனை ஓட்டு வீடு போய் ஐந்து மாடி பி.ஜி. ஹாஸ்டல் வந்தது. தெருவில் பலருக்குத் தெரியாது, அதற்கு வரைந்தது நான். தாளில் மூன்றடி செட்பேக் விட்டிருந்தேன். கட்டும்போது உரிமையாளர் தூணை எல்லைக்கே நகர்த்தினார். படிக்கட்டு தெருவில் இறங்கியது. வரைபடப்படியே கட்டப்பட்டது என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

கற்பகம் என் டேப்பை எடுத்துப் போய் அளந்து வந்தாள்.

"தாள்ல இருக்கிற மூணடி எங்கங்க போச்சு?"

"எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க."

"எல்லாருக்கும் நீங்கதான் கையெழுத்துப் போடுறீங்களா?"

மனு எழுதினாள். பொய்யாகக் கையெழுத்திட்ட பொறியாளர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, "நீங்களே எழுதுங்க" என்று நீட்டினாள். லைசென்ஸ் போய்விடும் என்றேன். மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதன்பின் அந்த முனையைக் கடக்கையில் என்னோடு பேச மாட்டாள்.

ஆம்புலன்ஸ் திரும்ப முடியாமல் நின்றது அங்கேதான். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் நகர்ந்திருப்பேன்.

காரியத்தன்று ஹாஸ்டல் உரிமையாளர் மாலையோடு வந்தார். எதிர் மனையையும் வாங்கிவிட்டாராம். "சும்மா உக்காந்திருந்தா மனசு கெடும் சார். அந்த பிளானும் நீங்களே போட்டுக் குடுங்க." லூர்து அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பண்றது தம்பி, தெரு அப்படி ஆயிடுச்சு" என்றார். தெரு தானாக அப்படி ஆகவில்லை.

நேற்று அவள் மனுவைத் தேடி எடுத்தேன். எனக்குக் கன்னடம் எழுத வராது. எழுத்து அட்டையைப் பார்த்து அந்த இடத்தில் பாலு என்று என் பெயரை எழுதினேன். தமிழில் ஒரே 'ப' போதும்; கன்னடத்தில் pa, ba தனித்தனி எழுத்து. தவறானதைப் போட்டுவிட்டேன். லூர்து அண்ணன் வாங்கிப் பார்த்தார். "இது உன் பேரு இல்ல தம்பி. இப்படி எழுதினா கன்னடத்துல பங்குன்னு அர்த்தம்." பிறகு மேலே இருந்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை.

எழுத்தைத் திருத்தித் திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். லைசென்ஸ் போகும். தூண் நகருமா தெரியாது. கற்பகம் வரமாட்டாள். அவளுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது, கோபத்திலும் வேறு யார் பெயரையும் எழுதாமல் அவள் எனக்கென்று விட்டுவைத்த அந்த ஒரு வரி இடம்.