நகரசபை நிலா

கணவர் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகு, மேட்டுத் தெருக்களுக்கு விளக்கேற்றும் வேலை ஏணியக்காவின் தோளுக்கு வந்தது. பெண்பிள்ளை கம்பம் ஏறுவதாவது என்று நகரசபை மூக்கைச் சுளித்தது. பாதிச் சம்பளம் போதும் என்று அவள் சொன்னதும் மூக்கு தானாக நேரானது. பொழுது சாய்ந்தால் தோளில் ஏணி, இடுப்பில் எண்ணெய்க் குடுவை. ஒவ்வொரு கம்பமாக ஏறி, கண்ணாடிக் கூண்டின் கரியைத் துடைத்து, திரியைக் கிள்ளி ஏற்றிவிட்டு இறங்குவாள். விடிந்தால் அதே சுற்று, அணைப்பதற்கு.

அவளுக்கு உடன்பிறந்தவன் ஒருத்தன்தான். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன். அவனைத் தூக்கில் போடச் சொல்லித் தீர்ப்பாகியிருந்தது.

கடைத்தெரு மூலையில் கடிகாரக்காரரை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கடிகாரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, அவர் மட்டும் நின்றுபோயிருந்தார். எதிர்மாடிக்காரர் சாட்சி சொன்னார். தெருவில் எது நடந்தாலும் முதலில் பார்த்தவர் அவர்தான்; அவசரமென்றால் நடப்பதற்கு முன்பே பார்த்துவிடுவார். கடையிலிருந்து தம்பி வெளியே வந்ததையும், மூலைக் கம்பத்து விளக்கில் அவன் முகம் பளிச்சென்று தெரிந்ததையும் விலாவாரியாகச் சொன்னார். தம்பிக்கும் கடிகாரக்காரருக்கும் முந்தின நாள் வாய்த்தகராறு. அது போதாதா?

பிடித்துக்கொண்டு போனவர் இஸ்திரி ஏட்டு. அவர் கால்சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம். அவர் ரோந்து சுற்றும் பீட்டில் நடந்த கொலை என்பதால் கை சற்று வேகமாகவே வேலை செய்திருந்தது.

மேல்கோர்ட்டு நீதிபதிக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். மூலை விளக்கின் வெளிச்சத்தில் மாடியிலிருந்து ஒரு முகம் தெரியுமா? பார்த்துச் சொல்லும்படி உத்தரவு வந்தது. பார்க்க வேண்டியவர் ஏட்டு. விளக்கேற்ற வேண்டியவள் ஏணியக்கா. கொலைகாரனின் அக்கா திரியை இறக்கி வைத்து ஏமாற்றுவாள் என்று அவர் நினைத்தார். கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்ட வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். கம்பத்துக்கடியில் அவர் விறைப்பாக நின்றபோது, கூண்டைத் துடைத்த கந்தலை அவள் மேலேயிருந்து ஓர் உதறு உதறினாள். கரி முழுவதும் சட்டையில். கைதவறிவிட்டது என்றாள். அவர் நம்பவில்லை. அந்த விஷயத்தில் அவர் சரி.

ஏட்டு மாடி ஏறினார். அவள் விளக்கடியில் நின்றாள். முகம் நன்றாகவே தெரிந்தது, அதிலிருந்த வெறுப்பு உட்பட. இறங்கி வந்து அதைத் திருப்தியாகச் சொன்னார்.

"விளக்கு எரிஞ்சா தெரியும்தான்," என்றாள் அவள். "அன்னைக்கு எரியலையே."

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விளக்கு ஏற்றக்கூடாது என்பது நகரசபை விதி. நிலா சம்பளமில்லாமல் வேலை பார்க்கும்போது எண்ணெய் எதற்கு? கொலை நடந்தது அப்படி ஒரு நிலா நாளில். இதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று ஏட்டு அதட்டினார். அங்கே தன்னிடம் கேட்டதெல்லாம் அவன் உன் தம்பிதானா என்ற ஒன்றுதான் என்றாள்.

ஏட்டு நகரசபையில் விசாரித்தார். உண்மைதான். அப்படியும் மனம் ஒப்பவில்லை. மறுநாள் சாயங்காலம் குழைந்த குரலில் ஒரு தூண்டில் போட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு உன் தம்பி உன் வீட்லதான் படுத்திருந்தான்னு சொல்லிடேன். நான் எழுதிக்கிறேன். கேஸ் முடிஞ்சிரும்."

கடித்தால் பொய்சாட்சி என்று அப்படியே கோத்துவிடலாம் என்பது கணக்கு. அவள் ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"அவன் எங்க வீட்டுக்கு வரல. எங்க போனான்னு எனக்குத் தெரியாது. குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து கிடந்திருப்பான். அந்த மூலை இருட்டுங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும் ஏட்டையா. தெரியாததைச் சொன்னா, தெரிஞ்சதையும் நீங்க நம்ப மாட்டீங்க."

அடுத்த கம்பத்துக்கு அவள் கிளம்பியபோது ஏட்டு ஏணியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டார். நாலு கம்பம் தாண்டியதும் வாய் திறந்தார்.

"அன்னைக்கு மழை பெஞ்சுதே."

"பெஞ்சுது. எங்க கூரையைக் கேளுங்க, சொல்லும்."

"நான் நனையல. உடுப்பு கசங்கிடும்னு விறகுக்கடையில ஒதுங்கினேன். அப்படியே தூங்கிட்டேன். காலையில ஸ்டேஷன்ல கேட்டாங்க. நல்ல நிலா, தெரு அமைதின்னு சொல்லிட்டேன். நிலா நாள்னா எல்லாரும் சொல்றதுதான் அது."

அவளுக்கு அவரை ஏணியாலேயே அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. இதைச் சொல்ல அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை என்பது மெல்லத்தான் உறைத்தது. "கோர்ட்ல சொல்வீங்களாண்ணே?" என்று கேட்டாள். அண்ணே என்று வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

சொன்னார். அவருக்கு முன்னால் நகரசபை அதிகாரி கூண்டேறினார். நிலா நாளில் விளக்கு எரியாது, நிலா எரியும் என்றார். மழையில் நிலா ஏது என்று தம்பியின் வக்கீல் மடக்கினார். மேகத்துக்கு விதியில் இடமில்லை, ஆகவே நகரசபையைப் பொறுத்தவரை அன்று நிலா இருந்தது என்றார் அதிகாரி. எதிர்மாடிக்காரரும் அப்போதே சுதாரித்துக்கொண்டு, யோசித்துப் பார்த்தால் அது நிலா வெளிச்சமேதான் என்றார். பிறகு ஏட்டு எழுந்து, மழையையும் விறகுக்கடையையும் கும்மிருட்டையும் சொன்னார். அரசாங்க வக்கீல் அல்வா கிடைத்தவர்போல எழுந்தார்.

"அன்னைக்கு நல்ல நிலான்னீர். இன்னைக்கு இருட்டுங்கறீர். எதுய்யா பொய்?"

"அன்னைக்குச் சொன்னதுங்க."

"அப்ப நீர் பொய் சொல்ற ஆளு."

"ஆமாங்க. அதைத்தான் சொல்றேன்."

கோர்ட்டு சிரித்தது. நீதிபதி கைக்குட்டைக்குள் சிரித்தார். பொய்யன் என்று தானே ஒப்புக்கொண்டவனின் பேச்சைக் கேட்டு நிலாவை அணைக்க முடியாது என்ற கருத்தில் தீர்ப்பு உறுதியானது. ஏட்டின் வேலை அந்த வாரமே போயிற்று. கடிகாரக்காரரைக் கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. இனிமேல் தெரிந்தால்தான் எல்லோருக்கும் சங்கடம்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது தம்பி கம்பிக்குப் பின்னாலிருந்து ஒன்றுதான் கேட்டான். "அந்த ஆளு எனக்காக ஏன்கா பேசினாரு?"

"தெரியலடா. மனசு கேக்கல போல," என்றாள். தனக்கும் அவருக்கும் நடந்ததை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் நேரம் முடிந்தது என்று காவலாளி சாவிக்கொத்தை ஆட்டினான்.

உடலை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வரவேண்டும், இரண்டு பேரும் ரத்த உறவாக இருக்கவேண்டும் என்றது சிறை. கணவரால் எழுந்து உட்காரக்கூட முடியாது. அவள் போனபோது சிறைவாசலில் ஒரு கைவண்டியோடு ஏட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் வரச்சொல்லவில்லை.

"இவர் யாரு?" என்றான் வாசல்காரன்.

"எங்க அண்ணன்."

வாசல்காரன் தலையை நிமிர்த்தவே இல்லை. கந்தல் கைதவறிய கதையை விட்டால், வழக்கு நடந்த காலம் முழுவதிலும் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்கு மட்டும் அரசாங்கம் சாட்சி கேட்கவில்லை.

உள்ளே சாக்குத்துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். ஏட்டு கிட்டே போகாமல் சுவரோரமாகவே நின்றார். தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த கை அது. தொடலாமா என்று தெரியவில்லை.

"தலைப்பக்கம் நான் புடிச்சுக்கறேன்," என்றாள் அவள். "நீங்க கால்மாட்டுக்கு வாங்கண்ணே."