ரொட்டி வண்டியின் முதுகில் ஒரு மோட்டார் சைக்கிள்

போன மாதம் ஜெர்மனியில், நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில், படுக்கை அடுப்பு எல்லாம் உள்ள ஒரு வீட்டு வண்டி நின்றது. அதன் முதுகில் அலுமினியத் தாங்கி, தாங்கியின் மேல் பளபளவென்று ஒரு மோட்டார் சைக்கிள். வேறு யாராவது என்றால் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பார்கள். நான் குனிந்து, புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். வண்டிக்காரர் காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தார். அவர் என்ன செய்வார், பாவம். முன்பின் தெரியாத கிழவன் வண்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு மோப்பம் பிடிக்கிறான்.

ரப்பர் கருகும் வாசனை வந்தால் எனக்குச் சேவியர் ஞாபகம் வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் இதே நாட்டின் ஆஹென் நகரில் நாங்கள் மூன்று பேர் இயந்திரவியல் படித்தோம்: நான், பாலு, தூத்துக்குடி சேவியர். பாலு ஒரு பழைய ரொட்டி வண்டியை வாங்கி, தட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படுக்கைகள் போட்டிருந்தான். பக்கவாட்டில் எழுதியிருந்த 'தினமும் புதியது' என்பதை மட்டும் எவ்வளவு சுரண்டியும் அழிக்க முடியவில்லை. குளிக்காத மூன்று பேர் அதிலிருந்து இறங்குவோம்.

சேவியருக்கு ஒரு ஓட்டை மோட்டார் சைக்கிளும் ஒரு காதலும் இருந்தன. கார்ல்ஸ்ரூஹேவுக்கு அப்பால், மலைமேல் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பிலோமினா நர்ஸ். கன்னியர் மடத்தில் தங்கியிருந்தாள். டெலிபோன் தலைமைக் கன்னியின் மேஜை மேல் இருந்ததால் அதில் ஜெபத்தைத் தவிர எதுவும் பேச முடியாது. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் விமானம். "ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வீட்ல பேசிக்கிறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"ரயில்லயே போயிருதேன்லே" என்றான் சேவியர்.

நான்தான் கெடுத்தேன். "பொண்ணு கேக்கப் போறவன் ரயில்ல போய் இறங்குவானாலே? பைக்குல போய் இறங்கு."

அவ்வளவு தூரம் அந்த பைக் ஓடாது. ஆகவே வண்டியின் முதுகில் ஏற்றிப்போய் அடிவாரத்தில் இறக்கிவிடுவது என்று முடிவானது. விடுதியில் கழித்துப்போட்ட கட்டில்களின் இரும்புச் சட்டங்களை அறுத்து, பைக்கைத் தாங்க ஒரு ஸ்டாண்டு பட்டறையில் பற்றவைத்தேன். ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு வளைவு, இழுவை, அதிர்வு எல்லாம் கணக்குப் போட்டேன். மூவரும் ஏறிக் குதித்துப் பார்த்தோம். அசையவில்லை. யானையைக்கூட ஏற்றலாம். வண்டியின் புகைக்குழாய் வாய்க்கு நேரே பைக்கின் பின்சக்கரம் வந்து உட்கார்ந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. வெப்ப இயக்கவியலில் அந்தப் பருவம் அதிக மதிப்பெண் வாங்கியவன் நான்.

பாதி வழியில் சேவியர் மூக்கை உறிஞ்சினான். "ஏலே, என்னமோ கருகுது. நிறுத்தச் சொல்லு."

"வயக்காட்டுல எவனோ குப்பையை எரிக்கான். நீ சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணு" என்றேன்.

அடிவாரத்தில் இறங்கினால் டயர் உருகி, உள்ளே ட்யூபும் போயிருந்தது. "தோசை தீஞ்சுபோச்சு மாப்ளே" என்றான் பாலு. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் டயரா கிடைக்கும்? அப்போதே வண்டியில் மேலே போயிருக்கலாம். "பத்து நிமிஷம், ஒட்டுப் போட்டுருதேன்" என்று நான் சக்கரத்தைக் கழற்றினேன். பத்து நிமிடம் பிற்பகல் முழுவதையும் தின்றது.

கடைசியில் மடத்து வாசலில் ரொட்டி வண்டியிலேயே போய் நின்றோம். கதவைத் திறந்த கன்னி எங்களையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "ரொட்டி நேற்றே வந்துவிட்டதே" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "பார்வை நேரம் முடிந்துவிட்டது" என்று சாத்திக்கொண்டார். மாடி ஜன்னலில் பிலோமினா நின்றாள்.

"கத்திச் சொல்லுலே!" என்றேன்.

"இதெல்லாம் கத்துற விஷயமாலே?" என்றான் சேவியர். கிரீஸ் படிந்த கையை ஒருமுறை தூக்கிக் காட்டினான். அவளும் காட்டினாள். அந்த வாரமே போய்விட்டாள். சேவியர் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை; தை மாதம் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டோம்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திரும்பும் வழியில், "உன் ஸ்டாண்டு மட்டும் கடைசி வரை அசையலலே" என்று பாராட்டினான். பிற்பாடு கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதையை அவனே சொல்வான், பிலோமினாவை விட்டுவிட்டு. டயர் உருகிய இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன்.

சேவியர் போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அன்று ஓய்விடத்திலிருந்து கிளம்பியவன், வந்த வேலையை விட்டுவிட்டு அந்த மலையூருக்குப் போனேன். கன்னியர் இல்லை, மடம் இல்லை, பார்வை நேரமும் இல்லை. அதே இடத்தில் அடுக்குமாடி வீடுகள். வாசலில் அழைப்பு மணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். அவள் பெயர் இருக்காது என்று தெரியும். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்தேன்.