மறுபடி வளர்ந்த ஈரலுக்கு வந்த கிராக்கி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்களுக்கு உலகமே அச்சுதான். மண்கூழை ஊற்றினால் ஒரு பிள்ளையார், மறுபடி ஊற்றினால் இன்னொரு பிள்ளையார். அதனால், அம்சவல்லி தன் ஈரலில் பெரும்பாதியை அண்ணன் கோவிந்தசாமிக்கு அறுத்துக் கொடுத்தபோது, பொம்மைத் தொழிலிலேயே ஊறிய அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தூக்கம் கெடவில்லை. வெட்டினாலும் வளரும் என்று சென்னை டாக்டரே சொல்லிவிட்டார். அச்சு உள்ளே பத்திரமாக இருக்கிறது, பிறகென்ன?

டாக்டர் அதற்கு மேலும் சொன்னார். காது கொடுத்தவள் அம்சவல்லி மட்டும்தான். வெட்டிய துண்டு திரும்ப முளைக்காது, மிச்சத் துண்டுதான் பருக்கும். செல்களைத் தட்டியெழுப்பிப் பெருகச் சொல்ல ஒரு புரதம். உடம்புக்கு வேண்டிய அளவு வந்ததும், போதும் என்று அடக்க இன்னொன்று.

ஈரல் பருத்தது. ஸ்கேனில் அது தெரிந்த அன்றே வீட்டாரின் அனுதாபம் சுருங்கியது. தழும்பு பிடித்து இழுக்கிறது, அச்சுப் பலகை தூக்க முடியவில்லை என்றால், "அதான் வளந்துடுச்சே" என்றார்கள்.

கோவிந்தசாமியோ புது ஈரலை டாஸ்மாக்குக்குக் கூட்டிப்போய் ஊரைச் சுற்றிக் காட்டினான். போதும் என்று சொல்லும் புரதம் அவன் குணத்திலேயே கிடையாது. கண் மஞ்சளாகி அவன் படுத்ததும், அண்ணி பானுமதி ஆப்பிளோடு வந்தாள்.

"அம்சா, ஒடம்பு எப்படி இருக்குது?"

அந்தக் கேள்வியே வீட்டுக்குப் புதுசு.

"இருக்குது அண்ணி."

"இன்னொரு தபா... சின்னத் துண்டாப் போதும்."

"கிள்ளிக் குடுக்க இது என்னா கொத்துமல்லியா?"

"ஒனக்குத்தான் வளருதே!"

"ரெண்டாந்தபா எந்த டாக்டரும் கத்தி வைக்க மாட்டாராம். கேட்டுட்டேன்."

"எப்ப கேட்ட?"

"அண்ணன் மறுபடி குடிச்ச அன்னிக்கே. நீங்க வந்து கேட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது அண்ணி. அதான் மின்னாடியே போன் போட்டேன்."

"அப்பவே அவரு செத்துடுவாருன்னு முடிவு கட்டிட்டியா, பாவி!"

பானுமதி ஆப்பிளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

சாவு வீட்டில் பேச்சு அடங்கவில்லை. "முழு ஈரலையும் வயித்துல வச்சிக்கினு நிக்கிறா பாரு, கூடப்பொறந்தவ!"

பாடை மணிமுத்தாற்றங்கரைக்குப் போனது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அதனால் தன் ஈரலில் பெரும்பாதி எரிவதைப் பார்க்க அம்சவல்லிக்குக் கொடுத்து வைக்கவில்லை.