அத்தான் வயிற்றில் என் ஆட்கள்

என் அக்காவைக் கட்டிய மகானுக்கு அவர் வேலை பார்க்கும் இடத்தில் பினாயில் என்று பெயர். நான் வைத்ததில்லை. எனக்கு முன்னால் அவர்கள் முந்திக்கொண்டார்கள். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளர் அவர். லிஃப்டுக்குள் நுழைந்தால் பொத்தானை விரலால் அழுத்த மாட்டார், முழங்கையால் இடிப்பார். மேஜையைத் துடைத்த பெண்கள் கைகட்டி ஒதுங்கி நிற்க, குனிந்து மோந்து பார்ப்பார். வாசனை மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தால்தான் அந்த மேஜை சுத்தம். வராவிட்டால் மறுபடியும் துடைக்க வேண்டும்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். அத்தான் சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்கு முன்னால் அந்தச் சோப்பைக் கழுவுவார். "இதைத் தொட்டவங்க கையில என்ன இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்பார். தொட்டவர்கள் வேறு யாருமில்லை, என் அக்காவும் அவர் பெற்ற மகனும் மகளும்தான். அந்தப் பிள்ளைகள் மண்ணைத் தொட்டு விளையாடியதே கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் புழுதியில் புரளும்போது, இதுகள் இரண்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஓரமாக நின்று வளர்ந்தன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாத்திரை அலமாரியைத்தான் பொறுக்க முடியாது. கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் அதில் நிறைந்து கிடக்கும். எந்த டாக்டர் யாருக்கு எதற்காக எழுதிக்கொடுத்தார் என்ற பேச்சே இல்லை. யாருக்கு மிச்சம் விழுந்தாலும் அங்கே வந்து சேர்ந்துவிடும். வீட்டில் யாராவது தும்மினால் போதும், ஒன்றை எடுத்து வந்து உள்ளங்கையில் வைப்பார். "முளையிலேயே கிள்ளிடணும்" என்று சொல்லி, முழுங்குகிறவரை எதிரிலேயே நிற்பார். இதற்குப் பயந்து மகள் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவாள். கல்யாண வயதில் இருக்கிற பெண், பாவம்.

அந்தக் குடும்பத்தில் மாத்திரை கிடைக்காத ஒரே ஆள் நான்தான். நான் செடி விற்கிறவன். ஊருக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க எருவிலும் மண்ணிலும்தான் கை. "என் மச்சான் நகத்துக்குள்ள இருக்கிற மண்ணுல ஒரு தக்காளிச் செடி வைக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அத்தான். நான் போனால் சோபாவில் பேப்பர் விரித்து அதன்மேல்தான் உட்காரச் சொல்வார். கிளம்பி வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் புஸ் புஸ்ஸென்று சத்தம் கேட்கும். நான் உட்கார்ந்த இடத்துக்கு மருந்தடிக்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்படி ராஜ்ஜியம் நடந்துகொண்டிருக்கையில் அவருக்குப் பல்லில் சீழ் வைத்தது. பல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த மனுஷர் அதை ஒழுங்காகச் சாப்பிட்டார். அதோடு விட்டாரா? டாக்டர் தயங்கிக் குறைவாகக் கொடுத்துவிட்டதாக நினைத்து, அலமாரியிலிருந்தும் எடுத்துத் துணைக்கு அனுப்பினார். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கிருமி வேலை என்று இன்னும் நாலு மாத்திரை. போக்கு கூடியது. வெகுசீக்கிரம், நின்றால் தலை சுற்றும், உட்கார்ந்தால் எழ முடியாது என்ற நிலைமைக்கு வந்து, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

அங்கே மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. வீட்டுக்கு வந்தார், திரும்பியது. மறுபடி மருந்து, மறுபடி அடங்கல், மறுபடி படுக்கை. கன்னம் ஒட்டி, சட்டை ஹாங்கரில் தொங்குவதுபோல் ஆகிவிட்டது உடம்பு. அந்த நிலைமையிலும் தலைமாட்டில் கைக்குத் தடவும் மருந்து பாட்டிலை வைத்துக்கொண்டு தடவித் தடவித் தேய்த்தார். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு வந்திருக்கிற கிருமியை இந்த மருந்து ஒண்ணும் பண்ணாது. சோப்பும் தண்ணியும்தான்" என்றார். அத்தான் அவரை, வீட்டைக் கொளுத்திவிட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

குடல் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அக்கா மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார் அந்த அம்மா. ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பே இல்லை.

"நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்கான கிருமிங்க குடியிருக்குதுங்க. திங்கிறதைச் செரிக்க உதவுறதும் அதுங்கதான். நமக்கு வேண்டிய சில வைட்டமின்களைக்கூட அதுங்க பண்ணிக் கொடுக்குது. எல்லாத்துக்கும் மேல, இடத்தை நிரப்பி உக்காந்திருக்கறதால கெட்ட கிருமி உள்ள வர முடியாது. உங்க வீட்டுக்காரர் மாத்திரையாப் போட்டு எல்லாரையும் காலி பண்ணிட்டார். காலி வீட்டுல ஒரு ரவுடி பூந்துட்டான். அவனை நான் அடிச்சு விரட்டுறேன், திரும்பி வந்துடறான். ஏன்னா வீட்டுல ஆளே இல்லையே!"

"இப்ப என்னம்மா பண்றது?" என்றாள் அக்கா.

"குடித்தனம் வைக்கணும். நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்க மலத்தை வாங்கி, சுத்தமான உப்புத்தண்ணியில கரைச்சு வடிகட்டி, குழாய் வழியா இவர் குடலுக்குள்ள விடுவோம். அதுல இருக்கிற நல்ல கிருமிங்க உள்ள போய்ப் பெருகிடும். இன்னொரு தடவை இந்த நோய் முத்தினா அவர் உடம்பு தாங்காதும்மா. மறைக்காம சொல்றேன்."

அக்கா அழுதாள். எனக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யாரிடம் வாங்குவது? மகன் ஓடி வந்தான். டாக்டர் கேட்ட முதல் கேள்வியிலேயே விழுந்தான்: சமீபத்தில் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா? சாப்பிடாமல் விட்டால்தானே! மகளும் அதே கதை. மொட்டைமாடிக்கு ஓடியும் பாதித் தும்மலில் பிடிபட்டவள் அவள். அக்காவுக்கு அத்தான் தன் கையாலேயே ஊட்டி விட்டிருக்கிறார். ஆக, அந்த வீட்டில் இருந்த அத்தனை வயிற்றையும் அவரே துடைத்து வைத்திருந்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க?"

"நான் கடைசியா மாத்திரை சாப்பிட்டது ஞாபகமே இல்லம்மா."

ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், என் பூர்வோத்தரம் முழுக்கக் கேட்டார்கள். முடிவு வந்த அன்று அந்த டாக்டர் முகம் மலர்ந்து, "பிரமாதம்! இந்த மாதிரி ஒண்ணு கிடைக்கிறது கஷ்டம்" என்றார். படித்த காலத்தில் ஒரு வாத்தியாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் என்னில் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள்.

பெருமையெல்லாம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் கோபம் வந்தது. பேப்பர் விரித்த மனுஷருக்கா? "என்னால முடியாதுக்கா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அக்கா சண்டை போடவில்லை. "அவர் போயிட்டா நான் யார்கிட்டடா திட்டு வாங்குவேன்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நான் சம்மதித்து என்ன? அத்தான் கட்டிலில் படுத்தபடியே குதித்தார். "அடுத்தவன் கழிவையா? செத்தாலும் வேண்டாம்!" என்றார். சாகும் நிலையில் இருக்கிறவர் அப்படிச் சொன்னால் யார் வாதாட முடியும்? அப்போதுதான் என் அக்கா, பிறந்ததிலிருந்து பொய் சொல்லத் தெரியாதவள், ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

"யாரோ எவரோ இல்லங்க. ஒரு புரொபசர். தினம் ரெண்டு வேளை குளிக்கிறவர். வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாராம்."

அத்தான் கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார். "கொடுக்கிறவர் யாருன்னு நாங்க சொல்றதில்லைங்க. எல்லாப் பரிசோதனையும் பண்ணியாச்சு, அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அந்தப் புத்திசாலி. அத்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் கொடுக்க வேண்டிய நாள் வரை எனக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! காய்கறி என்ன, பழம் என்ன, அக்கா சமைத்துப் பண்ணைக்கே அனுப்பினாள். காலையில் கண் விழிப்பதற்குள் போன் வந்துவிடும். கூடப் பிறந்தவளிடம் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கூசிப்போவேன். குறித்த நாளில் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட ஆள் இரண்டு கையாலும் வாங்கினார், ஏதோ தங்கம்போல.

நம்பினால் நம்புங்கள், ஒரு வாரத்துக்குள் மனுஷர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். போக்கு நின்றது. பசிக்கிறது என்றார். கன்னத்தில் சதை வைத்தது. என் ஆட்கள் உள்ளே போய்ப் பாய் விரித்து, அடுப்பு மூட்டி, ரவுடியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தார். பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். நானும் போனேன். பேப்பர் விரித்துத்தான் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரோ ஒரு பெரிய படிப்பாளி. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தமாம். எனக்கே இப்பல்லாம் புத்தகம் படிக்கணும்போலத் தோணுது, பாருங்களேன். நல்ல இடத்துலேர்ந்து வந்தா அந்தக் குணமும் சேர்ந்து வரும்போல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே கும்பிட்டாள்.

"படிப்பு வயித்துலயா இருக்கு? எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்தேன். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் நான் எருவைக் கிளறிக்கொண்டிருந்தபோது பண்ணை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தான் இறங்கினார். அந்த இடத்தில் அவர் கால் பட்டதே கிடையாது. பளபளவென்று துடைத்த ஷூ, கையில் ஒரு கைக்குட்டை. மூட்டைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்.

"எதுக்கு வந்தீங்க? காலெல்லாம் மண்ணாயிடும்" என்றேன்.

"ஆகட்டும்." ஒரு மூட்டையைச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தார். "எனக்குத் தெரியும்டா மச்சான்."

"என்ன தெரியும்?"

"அந்தப் புரொபசர் யாருன்னு. உங்க அக்கா தினம் காலையில வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு, போன்ல 'போச்சா, நல்லாப் போச்சா'ன்னு கேப்பா. எந்தப் புரொபசர்கிட்டடா அப்படிக் கேக்க முடியும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா நேத்து அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினீங்க? வெட்கமா இல்ல?" என்று கத்தியேவிட்டேன்.

"இருக்கு" என்றார். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தார். "நீதான்னு தெரியும்னு காட்டிக்கிட்டா, வேண்டாம்னு சொல்லியாகணும். இத்தனை வருஷமா நான் பேசின பேச்சுக்கு வேற வழியே இல்ல. வேண்டாம்னு சொல்லியிருந்தா செத்திருப்பேன். பயமா இருந்துச்சுடா. ரொம்பப் பயமா இருந்துச்சு. அந்தப் பொய்யைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன், அப்புறம் விடத் தெரியல."

கேட்கவேண்டியதையெல்லாம் நான் ராத்திரியே மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு மூட்டையைத் தட்டிவிட்டு, "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். எருவின்மேல்.

"டாக்டர் சொன்னாங்க, இது திரும்ப வந்தாலும் வரலாமாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "வந்தா…"

"வந்தா என்ன? நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?"

கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "உடம்பைப் பாத்துக்கோடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல், "உங்களுக்காகவா, எனக்காகவா?" என்று கேட்டேன்.

"இப்ப ரெண்டும் ஒண்ணுதானேடா" என்றார்.