அவருக்கு மட்டும் தெரிந்தது

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கூட்டத்திலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அந்த 'ஏன்'தான். கம்ப்யூட்டர் கேம்களுக்கு விதிகளை வகுக்கும் டிசைனர் அவர். நான் டெஸ்டர், அவர்கள் செய்வதை நாள் முழுக்க ஆடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பவன். மூன்று வருடம் பக்கத்து மேசைக்காரன். அவருக்கு நடந்ததை யாராவது எழுதத்தான் வேண்டும். அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது உயிர் பிழைக்கும் கேம். பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கில் நாற்பது பேர். பசி, குளிர், நோய் எல்லாவற்றையும் தாண்டி அவர்களைக் கோடைவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வகைக் கேம்களில் அறிவு என்பது கடைச்சரக்கு. புள்ளிகள் சேர்ந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஊருக்கே சூளை கட்டத் தெரிந்துவிடும். முதல் கூட்டத்திலேயே அக்கா கேட்டார்.

"ஏன் எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சுடுது? யாரோ ஒருத்தருக்குத்தானே முதல்ல தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அவரே இரண்டு வருடம் உட்கார்ந்து பதில் எழுதினார். நாற்பது பேரில் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், எவ்வளவு தெரியும், யாரிடம் கற்றார், கற்றது சரியா தப்பா என்று தனித்தனியாக வகுத்தார். தப்பாகத் தெரிந்துகொண்டவர் அடுத்தவருக்கும் தப்பாகத்தான் சொல்லிக்கொடுப்பார். பசியில் இருப்பவர் பாதிதான் சொல்வார். ஆகாதவன் வந்து கேட்டால் முக்கியமான ஒன்றை விழுங்கிவிட்டுச் சொல்வார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவும் அதற்கென்று ஆள் வேண்டும். சூளையைப் பற்றி யோசிப்பவர் களிமண்ணில் கை வைத்தவராக இருக்க வேண்டும், சுட்ட சட்டி நாலாவது தடவையும் வெடித்துப்போன எரிச்சலும் அவருக்கு இருக்க வேண்டும். தெரிந்தவர் செத்தால் தெரிந்ததும் கூடவே போய்விடும்.

இதையெல்லாம் ஓடவைத்தவர் எங்கள் ப்ரோகிராமர். யார் என்ன சொன்னாலும் பதில் "ம்" மட்டும்தான் என்பதால் அவர் பெயரே ம் ஆகிவிட்டது. முதல் முறை நான் ஆடியபோது, ஒரு கட்டு விறகுக்கு ஆசைப்பட்டு சூளைக்காரியைப் பனியில் அனுப்பித் தொலைத்துவிட்டேன். அதன்பின் அந்த ஊரில் ஒருவருக்கும் ஒரு சட்டி சுடத் தெரியவில்லை. பதினேழு வருடத் தொழிலில், ஆடிய ஆட்டத்துக்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் பேச்சு வந்தது. நானும் ம்மும் இருந்தோம். கம்பெனி முதலாளியும் கையில் கோப்பையோடு நின்றிருந்தார்.

அக்காவின் அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். தெருக்களுக்கு அடியில் எந்த வால்வு எந்த வீதிக்குத் தண்ணீர் விடும் என்பது முப்பத்தொரு வருடமாக அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "கூட ஒரு ஆளைப் போடுங்க, சொல்லித் தர்றேன். இல்லன்னா ஒரு படமாவது வரைஞ்சு வெச்சுக்குங்க" என்று மாறி மாறி வந்த அதிகாரிகள் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். "குழாய் திருகறதுக்குப் படம் வேறயா?" என்று சிரித்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு வயதில், வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். அந்தப் பகுதிக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. நாலாம் நாள் இரண்டு இன்ஜினியர்கள் சாவு வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏதாவது நோட்டுல எழுதி வெச்சிருக்காரா?" என்று கேட்டார்கள்.

"முப்பத்தொரு வருஷமா வாயால சொன்னாரே" என்றாராம் அக்காவின் அம்மா. "உங்கள்ல யாரு காது குடுத்துக் கேட்டீங்க?"

முதலாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சைத் தொடுது" என்றார். தொட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

வெளியீட்டுக்கு நாலு மாதம் இருக்கையில் விற்பனைப் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். முன்னோட்டமாக ஆடிப் பார்த்தவர்களில் நிறையப் பேர், ஊரில் ஆள் செத்ததும் ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு வரைபடம் காட்டினார். அதற்கு மருந்தாக ஒரு பொத்தான்: நிஜப் பணம் கொடுத்து 'நினைவுக் கல்' வாங்கினால், செத்தவருக்குத் தெரிந்ததெல்லாம் இருப்பவர் தலைக்குள் வந்துவிடும்.

"ஏன்?" என்று அக்கா எழுந்தார். "ஆள் செத்ததுக்காக யாரும் போகல. இது இவருக்கு மட்டும்தான் தெரியும்னு நாம முன்கூட்டியே காட்டல. அதனால ஏமாத்திட்ட மாதிரி இருக்கு, போறாங்க." கையோடு தீர்வும் கொண்டுவந்திருந்தார். அப்படிப்பட்டவர் தலைக்குமேல் ஒரு சின்ன விளக்கு. பன்னிரண்டு பேரை வைத்து நானே ஆடவிட்டுப் பார்த்திருந்தேன். பத்துப் பேர் விட்டுப் போகவில்லை.

"பிரமாதம்" என்றார் முதலாளி. "ரெண்டையும் வெச்சுக்கலாம்."

"ஒரே உறையில ரெண்டு கத்தி நிக்காது சார். காசு குடுத்தா திரும்ப வரும்னா, எவன் எவனுக்குச் சொல்லிக்குடுப்பான்?"

முதலாளி என்னைப் பார்த்தார். "டெஸ்டர் என்ன சொல்றார்?"

அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் என் அளவுக்கு அதை ஆடிப் பார்த்தவர் யாருமில்லை. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு சார்" என்றேன். வெளியே வந்ததும் அக்கா என்னைத் திட்டவில்லை. "உங்க வீட்டு நெலமை உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு பெரிய அரங்கில் கேம் அறிமுக விழா. நாங்கள் நாலாவது வரிசையில் இருந்தோம். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். மேடையில் மனைவி பெயரைச் சொல்வார்கள் என்று லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். முதலாளி மேடையேறி, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

"எங்க அப்பா ஒரு சாதாரண வால்வு திறக்கற தொழிலாளி..."

முப்பத்தொரு வருடம், மூன்று நாள், வாசலில் நின்ற இன்ஜினியர்கள், அம்மா சொன்ன பதில். ஒன்று விடாமல் சொன்னார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா அசையவில்லை. அவர் கணவர் குனிந்து என் காதில், "எங்க மாமனாரை இவர் எப்ப தத்து எடுத்தார்?" என்றார்.

கேள்வி நேரம் வந்தது. அக்கா மைக்கை வாங்கினார்.

"உங்க அப்பா மார்க்கெட் தெரு வால்வைத் திறக்க எந்தப் பக்கம் திருப்புவார் சார்?"

முதலாளி சிரித்தார். "எல்லாரும் திருப்பற மாதிரி இடப்பக்கம்தான்."

"அந்தத் தெருவுல நாலு வால்வு வலப்பக்கம் திருப்பினாத்தான் திறக்கும். பழசு. அது தெரியாம, திறக்கறோம்னு நெனச்சு மூணு நாள் மூடிக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணு ஒடிஞ்ச பிறகுதான் ரோட்டைத் தோண்டினாங்க. செத்தது என் அப்பா சார். உங்க அப்பாவுக்கு டைல்ஸ் கடை."

மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனால் சொல்ல வேண்டியதை அவர் சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் கேம் முடிவில் 'சிறப்பு நன்றி' வரிசையில் பெயர் வருமாம்.

"திருடு குடுத்தவளே மன்னிப்பும் கேக்கணுமா?" என்றார் அக்கா. "நன்றி சொல்ற இடத்துல எனக்கென்ன வேலை? செஞ்சவங்க இருக்கற இடத்துல போடுங்க."

மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது. நான் லிஃப்ட்வரை கூடப் போனேன். அவ்வளவுதான் எனக்கு முடிந்தது.

அரங்கில் யாரோ எடுத்திருந்த வீடியோ பரவியது. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "உணர்ச்சிவேகத்தில் சொல் தடுமாறிவிட்டது" என்று கம்பெனி அறிக்கை விட்டது. அன்றைக்கு ம் செய்ததை நான் மறக்க மாட்டேன். எந்த ஃபைலை அக்கா எந்தத் தேதியில் எழுதினார் என்று பதினொரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டு, ஆபீசில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தின் கடைசி வரியில் ராஜினாமாவும் செய்துவிட்டார். வேறு வழியில்லாமல் டிசைன் என்ற தலைப்பின் கீழ் அக்கா பெயரை முதலில் போட்டார்கள்.

பொத்தான் மட்டும் போகவில்லை. கேம் வெளியானதும் அதற்கு அமோக விற்பனை. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. ஆடுபவர்கள் யாரும் யாரையும் சொல்லிக்கொடுக்க விடுவதில்லை, கல்லை வாங்கிக்கொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, கற்பிக்கும் பகுதி பயனில்லாமல் கிடக்கிறது, எடுத்துவிடலாமா என்று என் கருத்தைக் கேட்டார்கள். எடுக்கக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதினேன். எடுத்துவிட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ம் அங்கே சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை அக்கா முழுதாகக் கேட்டார். "பேராவது முதல்ல வந்துச்சே அக்கா, கொஞ்சம்கூடக் கோபம் ஆறலையா?" என்றேன்.

"எதுக்கு ஆறணும்? உள்ள இருந்ததைக் கொன்னுட்டு, மேல கல்லு நட்டு என் பேரை எழுதியிருக்காங்க. அதைப் பாத்துச் சந்தோஷப்படச் சொல்றீங்களா?"

சொல்லிவிட்டு அவர் ம் பக்கம் திரும்பினார். இருவரும் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். நடுக்கடலில் ஒரு படகு, பன்னிரண்டு பேர். திசை தெரிந்த ஒரே ஆளுக்குக் காய்ச்சல் வந்தால், உளறலில் அவர் சொல்வதை மற்றவர்கள் நம்பலாமா கூடாதா என்பதில் இருவருக்கும் தகராறு. ம் மூன்று முழு வாக்கியம் பேசினார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அக்காவின் கணவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவரோடு நானும் படியிறங்கினேன்.